மேல்தாடை உடைந்தால் அது ‘சிறு காயம்’ அல்ல

“பல்லைக் கடித்துப் பாருங்கள், மேலும் கீழும் சேருகிறதா?” முகத்தில் அடிபட்டு வருகிறவரிடம் மருத்துவர் இப்படிக் கேட்பார். மேல்தாடை முறிந்திருந்தால் சேராது. கன்னம் மரத்துப்போகும். அண்ணத்தைப் பிடித்து அசைத்தால் முகத்தின் நடுப்பகுதியே அசையும். 1901இல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர் இம்முறிவுகளை மூன்று வகையாகப் பிரித்தார். அவற்றில் கடைசி வகையில், முகமே மண்டையிலிருந்து பெயர்ந்துவிடும்.

முதலில் மூச்சுக்குழாயைக் காப்பாற்ற வேண்டும். பிறகு சி.டி. ஸ்கேன். பற்களைக் கம்பியால் கட்டி, கடி சரியாகப் பொருந்திய பின்னரே டைட்டானியத் தகடும் திருகும் பொருத்துவார்கள். எலும்பு சிதறிப் போயிருந்தால் இடுப்பு அல்லது கால் எலும்பிலிருந்து எடுத்து ஒட்டவைப்பதும் உண்டு. இரண்டு மூன்று வாரம் தாமதித்தால் எலும்பு கோணலாகக் கூடிவிடும். மறுபடி உடைத்துத்தான் சேர்க்க வேண்டும். எலும்பு கூட ஏறக்குறைய ஆறு வாரம். அதுவரை கஞ்சியும் மோரும்தான். அன்றாடக் கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த ஆறு வாரம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இதை இந்தப் பகுதியில் எழுதக் காரணம் இருக்கிறது. சாதி வன்முறையில் கட்டையும் கம்பியும் முகத்தைத் தேடியே வருகின்றன. நம் மாவட்டத்தில் 2018 மே மாதம் கச்சநத்தத்தில் மூன்று உயிர்கள் பறிபோயின. 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பிழைத்தவர்களின் காயங்களைப் பற்றி யார் பேசினார்கள்?

பாரதிய நியாய சன்ஹிதா 116ஆவது பிரிவின்படி, எலும்போ பல்லோ முறிந்தாலே அது கொடுங்காயம். ஆனால் விபத்துப் பதிவேட்டில் ‘உதட்டில் காயம்’ என்று மட்டும் எழுதிவிட்டால், வழக்கு அங்கேயே இளைத்துவிடுகிறது. காரைக்குடியிலிருந்து மேல்சிகிச்சைக்குச் சிவகங்கைக்கோ மதுரைக்கோ அனுப்பப்படுகிறவர்கள் பதிவேட்டு நகலையும் ஸ்கேன் அறிக்கையையும் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் மருந்துச் செலவு, உணவு, பயணப்படி ஆகியவற்றை ஆட்சியர் தரவேண்டும் என்கின்றன. 2016 திருத்தத்தின்படி, 50 சதவீதத்துக்குக் குறைவான ஊனத்துக்கு நிவாரணம் 2.5 லட்சம் ரூபாய்; பாதி மருத்துவ அறிக்கை உறுதியானதும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும். வாய் திறக்க முடியாதவரின் ஊனத்தை எந்தச் சதவீதத்தில் அளப்பது என்பதை மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கேட்கலாம்.