பிளக் பேஸை மாற்றினால் சித்தப்பாவின் குரல் தெளிவாகுமா?

கனடாவிலிருந்து சின்னம்மாவுக்கு வந்த பொதிக்குள் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, 2003ஆம் ஆண்டு சமாதான காலத்தில் சித்தப்பா பேசிப் பதிவுசெய்து தன் அண்ணனுக்கு அனுப்பிய கசெற். மற்றையது, சுவரில் பூட்டுகின்ற பிளக் பேஸ் ஒன்று. தங்க முலாம் பூசியது.

2009 மே மாதத்துக்குப் பிறகு சித்தப்பாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. வீட்டில் இருந்த படங்கள், கடிதங்கள், கல்யாண அல்பம் எல்லாம் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டதால் மட்டும் இந்தக் கசெற் தப்பியிருக்கிறது. அவருடைய குரல் இருக்கும் ஒரே பொருள் அதுதான்.

பெரியப்பா பாட்டுக் கேட்பதில் பைத்தியம் உள்ளவர். அம்பிளிஃபயர், ஸ்பீக்கர் என்று தேடித்தேடி வாங்குபவர். "பழைய பிளக்கில போட்டால் இரைச்சல்தான் வரும் பிள்ளை. இதைப் பூட்டிப் போட்டுக் கேளுங்கோ. தம்பி பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும்" என்று தொலைபேசியில் சொன்னார்.

கிளிநொச்சியில், வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்னம்மாவின் வீட்டுக்கு நான் ஒரு பழைய கசெற் டெக்கையும் சிறிய அம்பிளிஃபயரையும் மடிக்கணினியையும் கொண்டு போனேன். குரலைக் கேட்பதோடு கணினியிலும் பதிந்து வைப்பதுதான் நோக்கம். போட்டவுடன் "ங்ங்ங்" என்று ஒரு பெரிய இரைச்சல் வந்தது. அதற்குள்ளே, தூரத்தில், சித்தப்பா. சின்னம்மா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "நிப்பாட்டு மோனை" என்றார். பெரியப்பா சொன்னது சரியோ என்ற எண்ணம் எனக்கும் வந்தது. அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

தங்க முலாம் என்ன செய்கிறது?

ஒலிப்பிரியர்களுக்கென்றே விற்கப்படும் பிளக் பேஸ்கள் உலகச் சந்தையில் நிறைய இருக்கின்றன. சிலவற்றுக்குத் தங்க முலாம், சிலவற்றுக்கு ரோடியம் முலாம். சிலவற்றைத் திரவ நைதரசனில், ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியசில் குளிரவைத்து எடுத்ததாக விளம்பரம் செய்கிறார்கள். விலை நூறு டொலரையும் தாண்டும். இத்தனைக்கும் மின்சாரம் கடத்துவதில் தங்கமும் ரோடியமும் செம்பைவிடக் குறைந்தவை. தங்கம் துருப்பிடிக்காது என்பதுதான் அதன் உண்மையான நன்மை.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நமது மின்சாரம் 230 வோல்ற். 100 வாற் எடுக்கும் அம்பிளிஃபயர் ஒன்றுக்குள் ஏறத்தாழ 0.43 அம்பியர் ஓடும். நல்ல நிலையில் உள்ள சாதாரண பிளக் பேஸின் தொடுகைத் தடை 0.01 ஓம் என்று வைத்தால், அங்கே இழக்கப்படுவது 0.004 வோல்ற். 230இல் அது ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டர் போடும்போது இதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும்.

அடுத்தது, அம்பிளிஃபயர் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. உள்ளே உள்ள ட்ரான்ஸ்ஃபோமர் அதைக் குறைக்கிறது. பிறகு அது நேரோட்டமாக மாற்றப்பட்டு, பெரிய கொள்ளளவிகளில் தேங்கி, அலை அடங்கித்தான் ஒலிப் பகுதிக்குப் போகிறது. அந்தக் கொள்ளளவிகள் காய்ந்துபோயிருந்தால் இரைச்சல் வரும். அதைத் திருத்த வேண்டிய இடம் சுவர் அல்ல, பெட்டியின் உள்ளே.

மின்சாரம் மின்மாற்றியிலிருந்து கம்பம் கம்பமாக நூற்றுக்கணக்கான மீற்றர் வந்து, வீட்டு வயரிங்கைத் தாண்டித்தான் பிளக் பேஸுக்கு வருகிறது. கடைசி இரண்டு அங்குலத்துக்குத் தங்கம் பூசி என்ன? கிணற்றுத் தண்ணீர் உவரென்றால் வாளியை மாற்றி வேலையில்லை.

அப்படியானால் மாற்றியவர்கள் வித்தியாசம் கேட்கிறது என்று சொல்வது பொய்யா? பொய் என்று நான் சொல்லமாட்டேன். காசு கொடுத்து, ஆசையோடு பூட்டியபின் மனம் கவனித்துக் கேட்கிறது. அவ்வளவு கவனமாக முன்பு கேட்டிருக்கமாட்டோம். எது எந்தப் பிளக் என்று தெரியாமல், வேறொருவர் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கும்போதுதான் உண்மை தெரியும்.

பெரியப்பா அனுப்பியதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அது வட அமெரிக்க வகை. அதன் பின்பக்கத்தில் 125 வோல்ற் என்று எழுதியிருந்தது. நமது 230 வோல்ற்றுக்கு அதைப் பூட்டக்கூடாது. நமது 13 அம்பியர் சதுர முனைப் பிளக் அதற்குள் போகவும் போகாது. வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பும் எந்த மின்பொருளையும் பூட்டுமுன் இந்த எண்ணைப் பாருங்கள்.

இரைச்சல் எங்கிருந்து வந்தது?

முதலில் செய்ய வேண்டிய சோதனை இலகுவானது. கசெற்றை நிறுத்திவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். இரைச்சலும் நின்றால் அது நாடாவில் பதிந்தது. தொடர்ந்தால் அது மின்சாரத்திலிருந்தோ கருவியிலிருந்தோ வருகிறது. எங்களுக்கு அது தொடர்ந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிய கணத்தில் இரைச்சல் அறுந்தது. திரும்பச் செருகினால் திரும்ப வந்தது. கணினியின் உலோகப் பகுதியில் கை வைத்தபோது விரலில் மெல்லிய சுணைப்பு. இப்படியான சார்ஜர்களிலிருந்து மிகச் சிறிய அளவு மின்சாரம் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கிடைக்கிற வழியால் போகும். எங்களுக்கு அந்த வழி, டெக்கையும் கணினியையும் இணைத்த ஒலி வயர்.

அப்படியானால் சின்னம்மா வீட்டுப் பிளக் பேஸில் எர்த் எங்கே?

ஊரில் உள்ள எலெக்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுப் பிளக் பேஸைத் திறந்தார். பச்சை மஞ்சள் வயர் எதிலும் பூட்டப்படாமல் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. கரண்ட் வரும் வயரின் ஆணி தளர்ந்து, சுற்றிவரக் கறுத்துப்போயிருந்தது. வெளியே மண்ணில் அடித்த எர்த் கம்பியின் பிடியும் துருவேறிக் கழன்றிருந்தது.

"இதில அயன் போடுறனீங்களோ அக்கா?" என்று அவர் கேட்டார். சின்னம்மா ஓம் என்றார். அவர் தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலுக்கும் கணக்கு இருக்கிறது. தளர்ந்த ஆணியில் தடை ஒரு ஓம் ஆக உயர்ந்தாலும் சிறிய அம்பிளிஃபயருக்குப் போவது அரை வோல்ற் கூட இல்லை. காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 1000 வாற் அயன் போட்டால் 4 அம்பியருக்கு மேல் ஓடும். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏறத்தாழ 19 வாற் சூடு பிறக்கும். பிளாஸ்ரிக் பெட்டிக்குள், சுவருக்குள். பாட்டைக் கெடுக்காத பிளக் பேஸ் வீட்டை எரிக்கலாம்.

செய்யக்கூடாததும் செய்ய வேண்டியதும்

இரைச்சல் என்றால் "எர்த்தைக் கழட்டிவிடுங்கோ" என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில இடங்களில் அப்படிச் செய்தால் இரைச்சல் நிற்கும் என்பதும் உண்மை. இரண்டு கருவிகளுக்கு வேறு வேறு வழியாக எர்த் போகும்போது ஒரு வளையம் உண்டாகி 50 ஹேர்ட்ஸ் முனகல் வருவதுண்டு. ஆனால் எர்த்தைக் கழற்றினால், உள்ளே ஒரு வயர் அறுந்து உலோக உடலில் பட்டால், தொடுபவர் வழியாகத்தான் மின்சாரம் மண்ணுக்குப் போகும். அதற்குப் பதிலாக எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பேஸிலிருந்து, நல்லதொரு மல்ரிபிளக் மூலம் எடுங்கள். வளையம் சுருங்கும்.

இரண்டு முனைப் பிளக்கைச் செருகுவதற்காக மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்துவது நம் வீடுகளில் வழக்கம். அந்த ஓட்டை எர்த்துக்கானது. மற்ற இரண்டு ஓட்டைகளையும் மூடி வைத்திருக்கும் பாதுகாப்பை அது திறந்துவிடுகிறது. பிடியும் தளர்கிறது. சரியான மாற்றுப் பிளக்கை வாங்குங்கள்.

ட்ரிப் சுவிச்சில் உள்ள 'ரி' பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். ஆனால் விழுந்தாலும் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எர்த் இல்லாமலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும். மண் காய்ந்த காலத்தில் அளப்பது நல்லது. மண்ணின் தடை அப்போதுதான் கூடுதலாக இருக்கும்.

பிளக் செருகினால் ஆடுகிறதா, தொட்டால் சுடுகிறதா, கருகிய மணம் வருகிறதா, செருகும்போது "சடசட" என்கிறதா? அப்படியானால் பிளக் பேஸை மாற்றத்தான் வேண்டும். தங்கம் தேவையில்லை. தரச்சான்றுள்ள சாதாரண 13 அம்பியர் பிளக் பேஸ் போதும்.

பழைய கசெற்றின் குரல் தெளிவதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன. டெக்கின் தலையை ஐசோபுறப்பைல் அற்ககோல் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். நாடாவின் பின்னால் உள்ள சிறிய மெத்தை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் ஒரு முறை கடைசிவரை ஓட்டிச் சுற்றி எடுங்கள். பதியும்போது கணினியை பற்றரியில் வையுங்கள். பதிந்ததை இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள்.

மிச்சமிருந்த சத்தம்

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். சுவரில் பிளக் பேஸே தேவைப்படாமல் செய்தி கேட்டவர்கள். அன்றும் பற்றரியில்தான், சார்ஜரைக் கழற்றிவிட்டு, கசெற்றைத் திரும்பப் போட்டேன்.

முனகல் இல்லை. சித்தப்பா அண்ணனிடம் சுகம் விசாரித்தார். மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்றார். பின்னால் தொடர்ந்து ஒரு "டப் டப் டப்" சத்தம் மட்டும் இருந்தது. கசெற்றை நிறுத்தினேன். அதுவும் நின்றது. நாடாவில் பதிந்த சத்தம். கணினியில் அதைக் குறைக்கலாம் என்று சின்னம்மாவிடம் சொன்னேன்.

"அது எங்கட தோட்டத்து இறைப்பு மிசின். இருக்கட்டும்" என்றார்.

பெரியப்பாவின் பிளக் பேஸ் பெட்டியோடு அலுமாரிக்குள் இருக்கிறது. பதிந்த குரலை அன்று இரவே அவருக்கு அனுப்பினேன். தெளிவாக இருக்கிறது என்றார். எந்தப் பிளக்கில் போட்டது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.