மதுரையிலிருந்து பர்மிங்காமுக்கு: பேராயர் நியூபிகின் விட்டுட்டுப் போன கேள்வி

(ஒலிப்பதிவைக் கொஞ்சம் திருத்தி எழுதிய வடிவம்)

வழக்கம்போல ஒத்தக்கடையில எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்துதான் பேசுறேன். ஜன்னலைத் திறந்தா யானைமலை, மூடினா புழுக்கம். அதனால மேலூர் ரோட்டு பஸ் ஹாரன் நடுவுல கேட்டா பொறுத்துக்கோங்க.

பெங்களூர்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போறேன், காலையில பைபிள் வாசிக்கிறேன். ஆனா திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்ததுக்கு அப்புறம் எனக்கும் பக்கத்து சீட்காரனுக்கும் என்ன வித்தியாசம்னு தெரியலை. இந்தக் காலத்துல விசுவாசத்தை எப்படி வாழ்றது?"

இதுக்குப் பதில் சொல்ற தகுதி எனக்கு இருக்கான்னு முதல்ல யோசிச்சேன். நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில கிளையண்டுக்கு மணிக்கணக்குல பில் போகும். அஞ்சு மணி நேரத்துல முடிஞ்ச வேலைக்கு டைம்ஷீட்ல எட்டு போடணும். எழுத்துல யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் தெரியும். ஏழெட்டு மாசம் நானும் போட்டேன். அதே ஏழெட்டு மாசமும் சர்ச்ல வாலிபர் குழுவுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்துட்டு இருந்தேன். மனசுல ஒரு உறுத்தலும் இல்லை. ஏன் உறுத்தலைங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

இதைப் புரிஞ்சுக்க எனக்கு உதவினவர் நம்ம மதுரையில இருந்த ஒருத்தர்தான். பேர் லெஸ்லி நியூபிகின். 1909ல இங்கிலாந்துல நியூகாசில்ல பிறந்தவர். 1936ல ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனரியா தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழ் படிச்சு, காஞ்சிபுரத்துல வேலை செஞ்சார். 1947 செப்டம்பர் 27ல, சுதந்திரம் கிடைச்சு ஆறே வாரத்துல, சென்னையில தென்னிந்திய திருச்சபை உருவாச்சு. அன்னைக்கே அவரைப் பேராயரா அபிஷேகம் பண்ணி மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு அனுப்பினாங்க. அப்போ வயசு 37. 1959 வரைக்கும் இங்கதான் இருந்தார். பிறகு உலக அளவிலான திருச்சபைப் பொறுப்புகள், 1965ல இருந்து 1974 வரை சென்னைப் பேராயர்.

1974ல ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பும்போது விமானம் ஏறலை. அவரும் மனைவி ஹெலனும் ரெண்டு சூட்கேஸ், ஒரு முதுகுப்பையோட பஸ் மாறி மாறி தரைவழியாவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தாங்க.

அங்க போனதும்தான் அதிர்ச்சி. மிஷனரிகளை அனுப்பின நாடே இப்போ மிஷன் களமா இருக்குன்னு அவருக்குத் தோணுச்சு. எழுபது வயசுல, பர்மிங்காம்ல வின்சன் கிரீன்ங்கிற ஏழைப் பகுதியில, ஜெயில் வாசலுக்கு எதிர்ல இருந்த சின்ன சபையோட பொறுப்பை ஏத்துக்கிட்டார். யாரும் அவரை எதிர்க்கலை. எதிர்ப்புன்னா பதில் பேசலாம். அவர் அங்க பார்த்தது அலட்சியம். "உங்களுக்கு அது பிடிச்சிருக்கா? நல்லது, வச்சுக்கோங்க"ங்கிற மாதிரி.

அவர் கண்டுபிடிச்ச காரணத்தை என் பாஷையில சொல்றேன். நவீன மேற்கத்திய சமுதாயம் வாழ்க்கையை ரெண்டு ஃபோல்டரா பிரிச்சு வச்சிருக்கு. ஒண்ணு பப்ளிக்: அறிவியல், பொருளாதாரம், கம்பெனி. அங்க இருக்கிறது 'உண்மை'. எல்லாரும் ஒத்துக்கணும். இன்னொண்ணு பிரைவேட்: கடவுள், நல்லது கெட்டது, வாழ்க்கைக்கு அர்த்தம். அங்க இருக்கிறது 'உங்க விருப்பம்'. காப்பியா டீயாங்கிற மாதிரி. திருச்சபையும் சண்டை போடாம அந்த ரெண்டாவது ஃபோல்டருக்குள்ள போய் உட்கார்ந்துடுச்சு. இதுதான் அவரோட குற்றச்சாட்டு.

"அது இங்கிலாந்து கதை, நம்ம ஊர்லதான் தெருவுக்குத் தெரு கோயில், சர்ச், பள்ளிவாசல் இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். கேள்வி சரிதான். நம்ம மதச்சார்பின்மை வேற மாதிரி. அந்த வார்த்தை அரசியல் சாசன முகவுரையில வந்தது 1976ல, 42வது திருத்தத்துல. ஆனா மனசாட்சி சுதந்திரத்தையும் மதத்தைக் கடைப்பிடிக்கிற உரிமையையும் 25வது பிரிவு ஆரம்பத்துல இருந்தே கொடுத்திருக்கு. அந்தப் பாதுகாப்பு இல்லாம நம்மை மாதிரி சிறுபான்மையினர் நிம்மதியா இருக்க முடியாது. அதனால அதை நான் குறை சொல்லலை.

நம்ம சிக்கல் வேற. இதுக்கு நியூபிகின் சொன்ன காஞ்சிபுரம் அனுபவம் ஒண்ணு இருக்கு. அங்க ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோட தரையில உட்கார்ந்து, ஒரு வாரம் சுவேதாஸ்வதர உபநிடதம், ஒரு வாரம் யோவான் சுவிசேஷம்னு சேர்ந்து படிச்சிருக்கார். மடத்து ஹால்ல பெரிய மகான்களோட படங்கள் வரிசையா இருக்கும். அதுல இயேசு படமும் உண்டு. கிறிஸ்மஸ் அன்னைக்கு அதுக்கு முன்னாடி வழிபாடும் நடக்கும். அவங்க அதை மரியாதையாதான் செஞ்சாங்க. ஆனா நியூபிகினுக்கு ஒண்ணு புரிஞ்சுது: இயேசுவுக்கு அந்த வரிசையில ஒரு இடம் கிடைச்சிருக்கு, ஆனா அந்த வரிசையை அவர் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் அடுத்தது உறைச்சது. இங்கிலாந்து சபைகளும் அதையேதான் செஞ்சிருக்கு. தங்களோட நவீன வாழ்க்கையில இயேசுவுக்கு வசதியான ஒரு மூலையைக் கொடுத்திருக்கு.

இப்போ நம்ம ஆபிஸை யோசிச்சுப் பாருங்க. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு, டிசம்பர்ல ரிசப்ஷன்ல கிறிஸ்மஸ் மரம், ரம்ஜானுக்குப் பிரியாணி. அழகான விஷயம், நான் ரசிப்பேன். ஆனா டைம்ஷீட்ல என்ன எழுதணும்னு அந்த கிறிஸ்மஸ் மரத்தை யாரும் கேட்கிறதில்லை. நானும் கேட்கலை. எனக்கு உறுத்தாததுக்குக் காரணம் அதுதான். என் விசுவாசத்தை யாரும் தடுக்கலை. நானே அதைப் படமாக்கி மாட்டி வச்சிருந்தேன்.

அப்போ என்ன செய்யணும்? ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல பிரசங்கம் பண்ணணுமா? இல்லை. கிறிஸ்தவர்கள் அதிகாரத்தைப் பிடிச்சு எல்லாரையும் நடத்தணும்னு நியூபிகினும் சொல்லலை, அந்தக் காலம் திரும்ப வரணும்னு அவர் ஆசைப்படலை. 1989ல வந்த அவரோட புத்தகத்துக்குத் தமிழ்ல 'பன்மைச் சமுதாயத்தில் சுவிசேஷம்'னு தலைப்பு சொல்லலாம். சுவிசேஷம் நம்பத்தக்கதுன்னு ஜனங்களுக்குக் காட்டுறது அதை நம்பி வாழ்ற ஒரு சபைதான்னு அதுல வாதாடுறார். கவனிங்க, ஒரு தனி ஹீரோ இல்லை, ஒரு சபை.

என் விஷயத்துல அதுதான் நடந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துல, ஜெபக் குறிப்பு கேட்டப்போ, டைம்ஷீட் கதை என் வாயில இருந்து வந்துடுச்சு. மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா கேட்டார்: "தம்பி, அந்த மூணு மணி நேரக் காசு யாரோடது?" அவ்வளவுதான். திட்டலை, வசனமும் எடுக்கலை. ஆனா அடுத்த வாரமும் "என்னாச்சு?"ன்னு கேட்டார். அதுக்கு அடுத்த வாரமும்.

பிறகு உண்மையான மணிக்கணக்கை எழுத ஆரம்பிச்சேன். டீம்ல எனக்குக் கை கொடுத்தது கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒரு நண்பன். "இது தப்புன்னு எனக்கும் தெரியும்"னு அவனும் மாத்தி எழுதினான். நேர்மை நமக்கு மட்டும் சொந்தம்னு நினைச்ச என் பெருமையும் அன்னைக்குப் போச்சு. அந்த வருஷ அப்ரைசல்ல ரேட்டிங் குறைஞ்சுது. அதுக்கு அப்புறம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சாட்சி சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா அப்படி ஒண்ணும் நடக்கலை. வேற வேலை தேடிக்கிட்டேன், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். சபையைப் பார்த்துதான் நம்புவாங்கன்னா, நம்ம சபையைப் பார்த்து என்ன தெரியும்? சாதி பார்த்துப் பொண்ணு எடுத்து, வரதட்சணையை 'அன்பளிப்பு'ன்னு சொல்லிட்டு இருந்தா, ஆபிஸைத் திருத்தறதுக்கு முன்னாடி நமக்கே வேலை நிறைய இருக்கு. அங்கயும் படத்தைத்தான் மாட்டி வச்சிருக்கோம்.

அதனால தம்பி, உனக்கு என் பதில் சின்னதுதான். உன் வேலையில உறுத்த வேண்டிய, ஆனா உறுத்தாத ஒரே ஒரு விஷயத்தை எடு. அதை உன் சபையில நம்பிக்கையான ரெண்டு மூணு பேர்கிட்ட வாய்விட்டுச் சொல்லு. அடுத்த வாரம் "என்னாச்சு?"ன்னு கேட்கிற ஒருத்தராவது அதுல இருக்கணும். அப்படி யாரும் இல்லைன்னா, வேற ஒருத்தருக்கு நீ அந்த ஆளா இரு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். கரண்ட் போறதுக்குள்ள ரெக்கார்டிங்கை நிறுத்திக்கிறேன்.