அடுத்த வீட்டோடு சண்டை போடும் பவளம்!

குட்டீஸ்... மீன் தொட்டியில் வண்ண வண்ணப் பவளங்களையும் சேர்த்து வளர்த்தால் எப்படி இருக்கும்? அழகாகத்தான் இருக்கும். ஆனால், ராத்திரி விளக்கை அணைத்ததும் உள்ளே போர் மூண்டுவிடும்!

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. 'பாலிப்' எனப்படும் குட்டிக் குட்டி விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் கூட்டம் அது. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசிகள் வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கும். அதனால், வெயில் படும் இடத்துக்குப் பலத்த போட்டி!

நகர முடியாத பவளங்கள் எப்படிச் சண்டை போடும்? சில வகைகள், வயிற்றுக்குள் இருக்கும் நூல் போன்ற உறுப்புகளை வெளியே நீட்டி, பக்கத்துப் பவளத்தை அது இருக்கும் இடத்திலேயே செரித்துவிடும். சில வகைகள், கொட்டும் நீண்ட இழைகளை இருட்டில் வீசும். மென்பவளங்களோ, நச்சுப் பொருளைத் தண்ணீரில் கலந்துவிடும். அதனால்தான், வெளிநாடுகளில் பவளம் வளர்ப்பவர்கள் ஒவ்வொரு வகைக்கும் நடுவே இடைவெளி விடுகிறார்கள். நச்சை நீக்கக் கரி வடிகட்டியும் வைக்கிறார்கள்.

அப்படியானால் கடலில்? ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அந்தப் பகுதியில் 100-க்கும் மேற்பட்ட பவள வகைகள் உள்ளன. கிளை விடும் பவளம் வேகமாக வளர்ந்து, மற்றவற்றின் மேல் நிழல் விழச் செய்யும். உருண்டைப் பவளம் மெதுவாகத்தான் வளரும். ஆனால், சண்டையில் சூரன்! அதனால், யாருக்கும் முழு வெற்றி கிடையாது. நச்சையும் அலை அடித்துக்கொண்டு போய்விடும்.

பவளங்களைத் தோற்கடித்தது மனிதர்கள்தான். சுண்ணாம்புக்காகவும், கட்டடங்களுக்காகவும் அவற்றை வெட்டி எடுத்தனர். அலையைத் தடுத்த அரண் போனது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கின. கடல் நீர் சூடானபோது, 2010லும் 2016லும் பவளங்கள் பாசிகளை இழந்து வெளுத்துப் போயின.

பாறை கட்டும் பவளங்களுக்கு, 2001ல் இருந்து புலிக்கு உள்ளது போன்ற உயர்ந்த சட்டப் பாதுகாப்பு உண்டு. நம் கடலில் இருந்து அவற்றை எடுப்பதும், விற்பதும் குற்றம். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், 2002ல் இருந்து பவளத் துண்டுகளைக் கடலுக்குள் நட்டு, அழிந்த பாறைகளை மீட்டு வருகிறது.

மறைமலை நகர் குட்டீஸ்... ராமேஸ்வரம் ரயில் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அங்கே போகும்போது, யாராவது வெள்ளைப் பவளத்தை நீட்டி, 'தொட்டியில் வைக்க வாங்கிக்கோ தம்பி' என்றால், 'வேண்டாம் அண்ணா' என்று சொல்லிவிடுங்கள். அது ஒருகாலத்தில் ஆயிரம் உயிர்கள் வாழ்ந்த வீடு!