வாசலுக்கு வரும் பாலிசி

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. செம்போடை, தேத்தாக்குடி, புஷ்பவனம் பக்கம் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. மகள் கல்யாணம், மகன் காலேஜ் ஃபீஸ் என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தோப்பையே நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே ராத்திரியில் நிவாரணப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றன.

தென்னைக்கு அப்போதே ஒரு காப்பீடு இருந்தது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டம். இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனம் நடத்துவது. 4 முதல் 15 வயது வரையுள்ள மரத்துக்கு ஆண்டுக் கட்டணம் 9 ரூபாய், 16 முதல் 60 வயது வரை 14 ரூபாய். அதில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கட்டிவிடும். விவசாயி தருவது மரத்துக்கு 2 ரூபாய் 25 காசு அல்லது 3 ரூபாய் 50 காசு. மரம் போனால் 900 அல்லது 1,750 ரூபாய் கிடைக்கும். காய்க்கிற தென்னைக்கு அது ஈடே ஆகாது, உண்மைதான். ஆனால் நூறு மரம் சாய்ந்தவனுக்கு ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய், மறுபடி கன்று வைக்க ஒரு தொடக்கமாவது ஆகியிருக்கும். இப்படி ஒன்று இருக்கிறது என்று தோப்புக்குள் நடந்து வந்து சொன்னவர்கள் எத்தனை பேர்?

என் ஆதங்கம் இங்கேதான் தொடங்குகிறது. உண்மையான காப்பீட்டைத் தேடி நாம் போக வேண்டியிருக்கிறது. சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தகம் என்று கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். போலிக் காப்பீடோ வாசலுக்கே வருகிறது. திண்ணையில் உட்கார்ந்து நம் பிள்ளைகளின் பெயரை விசாரிக்கிறது. அலைச்சல் இல்லை என்பதே அதன் முதல் விற்பனைச் சரக்கு.

சட்டம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பதிவுச் சான்று பெறாத யாரும் இந்த நாட்டில் காப்பீட்டுத் தொழில் செய்யக் கூடாது என்கிறது. சான்று தருவது, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். புதிதாக ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்க 100 கோடி ரூபாய் மூலதனம் காட்ட வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. இழப்பு வரும் நாளில் கொடுக்கப் பணம் இல்லாதவன் வாக்குறுதி விற்கக் கூடாது என்பதே இதன் நியாயம். 2015-இல் வந்த திருத்தம் 104-ஆவது பிரிவைக் கடுமையாக்கியது. சான்றில்லாமல் காப்பீட்டுத் தொழில் நடத்தினால் 25 கோடி ரூபாய் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை.

படிக்கும்போது நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 42-ஆவது பிரிவுக்கு வாருங்கள். அது ஏஜெண்டுகளைப் பற்றியது. முறையாக நியமிக்கப்படாத ஒருவர் தன்னை ஏஜெண்ட் என்று சொல்லி வேலை செய்தால், 2015 திருத்தம் அவருக்கு விதித்த அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அப்படிப்பட்டவரை வைத்து வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்கு ஒரு கோடி வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் இருபது வீட்டில் ஐந்நூறு ஐந்நூறாக வாங்கினால் அபராதத் தொகை கைக்கு வந்துவிடும். இருபத்தொன்றாவது வீட்டிலிருந்து லாபம். மோசடி என்று காவல்துறை வழக்குப் பதிந்தால் பாரதிய நியாய சம்ஹிதா 318-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் புகார் வேண்டும், ரசீது வேண்டும், சாட்சி வேண்டும். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வெயிலில் நின்று வாங்கிய கூலியை ரொக்கமாகக் கொடுத்த அக்காவிடம் என்ன ரசீது இருக்கும்?

இந்தத் தொழிலின் போலிகள் பல வேஷத்தில் வருகிறார்கள். 2020 ஜூலையில் ஆணையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பெங்களூரு கிருஷ்ணராஜபுரம் முகவரியில் 'டிஜிட்டல் நேஷனல் மோட்டார் இன்சூரன்ஸ்' என்ற பெயரில் வாகனக் காப்பீடு விற்கப்படுகிறது, அப்படி ஒரு நிறுவனத்துக்கு எந்த உரிமமும் கொடுக்கவில்லை, யாரும் வாங்காதீர்கள் என்றது. பெயரைக் கவனியுங்கள். 'டிஜிட்டல்', 'நேஷனல்' இரண்டும் சேர்ந்தால் அரசாங்கம் நடத்துவது போலவே தோன்றுகிறது. இன்னொரு கூட்டம் போனில் வருகிறது. ஆணையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பழைய பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கிறது, அதைப் பெற இந்தக் கட்டணத்தைக் கட்டுங்கள் என்கிறது. ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை என்று பலமுறை சொல்லியும் அந்த அழைப்புகள் நின்றபாடில்லை.

வேதாரண்யம் மாதிரி ஊர்களில் எனக்கு அதிகம் பயம் தருவது, அரசுத் திட்டங்களின் பெயரைச் சொல்லி நடக்கக்கூடிய வசூல். ஆறுகாட்டுத்துறை, வெள்ளப்பள்ளம் மீனவர்களுக்குப் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. கடலில் உயிர் போனால் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய். அதற்கான பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. அந்தக் காப்பீட்டுக்கென்று ஒருவர் நூறு ரூபாய் கேட்டாலும் அவர் ஏமாற்றுக்காரர். சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். இரண்டிலும் காப்பீட்டுத் தொகை 2 லட்சம். இந்தப் பணம் வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கிலிருந்து நேராகப் பிடிக்கப்படும். கையில் வாங்குகிற வழக்கமே கிடையாது. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டில் விவசாயியின் பங்கு, காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். அதைக் கட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொதுச் சேவை மையம் என்று இடங்கள் இருக்கின்றன. ரசீதில் ஊர்ப் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றும் சரியா என்று அங்கேயே நின்று படித்துவிட வேண்டும். நம் மாநிலத்தில் நெல்லுக்கு வருவாய்க் கிராமத்தை அலகாக வைத்து, அறுவடைப் பரிசோதனை நடத்தி இழப்பைக் கணக்கிடுகிறார்கள். கிராமத்தின் பெயர் மாறிப்போனால் கட்டிய பணம் கட்டாதது போலத்தான்.

டூ வீலருக்கும் ஒரு சோதனை உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டின் விலையை நிறுவனம் வைப்பதில்லை, அரசு வைக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த பட்டியலில், 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு வரி சேர்க்காமல் ஆண்டுக்கு 714 ரூபாய். முந்நூறு ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் காகிதம் போலீஸ்காரரிடம் ஒருவேளை ஒரு தடவை செல்லும். விபத்து நடந்தபின் கோர்ட்டில் செல்லாது. இழப்பீட்டுக்கு வண்டிக்காரரின் வீடும் நிலமும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முறையான ஏஜெண்ட் விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த எல்.ஐ.சி. வழக்கு ஒன்று. பாலிசிதாரர் தவணைப் பணத்தை ஏஜெண்டிடம் செக்காகக் கொடுத்தார். ஏஜெண்ட் அதை 1987 ஜூனிலேயே பணமாக மாற்றிக்கொண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதிதான் அலுவலகத்தில் கட்டினார். பாலிசிதாரரோ அதற்கு முந்தின நாள் விபத்தில் இறந்துபோயிருந்தார். பிரீமியம் வசூலிக்க அந்த ஏஜெண்டுக்கு அதிகாரமே கொடுக்கப்படவில்லை, ஆகவே அவரிடம் கொடுத்தது நிறுவனத்திடம் கொடுத்ததாகாது என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு வருடம் கழித்து, சம்பளத்தில் பிரீமியம் பிடித்துக் கட்டாமல் விட்ட டெல்லி மின் நிறுவனத்தின் வழக்கில், அந்தத் தவறுக்கு எல்.ஐ.சி.தான் பொறுப்பு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெல்லி ஊழியரின் குடும்பத்துக்குக் கிடைத்தது, ஏஜெண்டிடம் செக் கொடுத்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. பிரீமியம் வாங்க அனுமதி பெற்ற ஏஜெண்டுகள் இப்போது இருக்கிறார்கள். அந்த அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் எந்த அவமரியாதையும் இல்லை. பத்து வருடப் பழக்கமுள்ள அண்ணனாக இருந்தாலும் கேட்கலாம்.

பதிவுபெற்ற நிறுவனம் ஏமாற்றினால் தட்டக் கதவுகள் இருக்கின்றன. ஆணையத்தின் இலவச எண் 155255 இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர உத்தரவிடலாம். ஆனால் பதிவே இல்லாதவன் மீது அவரிடம் புகார் செய்ய முடியாது. அவருடைய அதிகாரம் பதிவான நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. போலி பாலிசி வாங்கிய குடும்பம் காப்பீட்டு உலகத்துக்கு வெளியே நிற்கும் குடும்பம். அதற்குக் காவல் நிலையம் ஒன்றுதான் மிச்சம்.

அதனால்தான், தண்டனையை இன்னும் ஏற்றினால் போதும் என்ற யோசனை எனக்கு நிறைவு தரவில்லை. யார் உண்மையான ஏஜெண்ட் என்று இணையதளத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். உப்பு வாரும் கையும் விடியற்காலையில் முல்லை பறிக்கும் கையும் அந்தத் தளத்தைத் திறந்து சரிபார்க்கும் என்று நம்பிக்கொண்டிருப்பது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. நவம்பர் 1, உள்ளாட்சி நாள். ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக அறிவிக்கப்படும் கடைசித் தேதி நவம்பர் 15. சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள். நடுவில் இரண்டு வாரம். அந்த வட்டாரத்தில் எந்தெந்த நிறுவனத்துக்கு யார் யார் ஏஜெண்ட், யாருக்குப் பிரீமியம் வாங்க அனுமதி, எந்தத் திட்டத்துக்குக் கையில் காசே கொடுக்க வேண்டாம் என்ற பட்டியலை அந்தக் கூட்டத்தில் தமிழில் உரக்க வாசிக்க வேண்டும். பிறகு கூட்டுறவுச் சங்கச் சுவரிலும் ரேஷன் கடையிலும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் போட்டோவோடு ஒட்ட வேண்டும். ஏஜெண்டுகளை நியமிப்பவை நிறுவனங்கள்; பெயரும் போட்டோவும் அவற்றிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அச்சடித்து ஊராட்சிக்கு அனுப்பச் சொல்லி ஹைதராபாத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும்.