சிறார் புதினத்தில் கனிவு: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

ஆர். ஜே. பலாசியோ எழுதி 2012ஆம் ஆண்டில் வெளிவந்த 'வொண்டர்' என்னும் ஆங்கிலச் சிறார் புதினம், பிறவியிலேயே முக அமைப்பு வேறுபட்ட ஆகஸ்ட் புல்மன் என்னும் பத்து வயதுச் சிறுவனின் முதற் பள்ளியாண்டைக் கூறுகிறது. அதுவரை வீட்டிலேயே கற்றுவந்த அவன், நியூயார்க்கு நகரப் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்பில் சேர்கிறான். இப்புதினத்தின் மையச்சொல் 'கைண்ட்' என்பதாகும். இதற்கு நேராகத் தமிழில் இரக்கம், கருணை, தயை, பரிவு முதலிய சொற்கள் உள்ளன. எனினும் இவற்றுட் பல, மேனிலையில் உள்ளார் தாழ்நிலையில் உள்ளார்க்குக் காட்டும் உணர்வைக் குறிப்பன. புதினமோ ஒத்த வயதினரிடையே நிகழ்வதைப் பேசுகிறது. சிக்கல் இங்குத்தான் தோன்றுகிறது.

சம்மர் என்னும் சிறுமியின் கூற்று இதற்குத் தக்க சான்று. முதல் நாள் உணவுக்கூடத்தில் தனித்திருந்த ஆகஸ்டின் மேசையில் அவள் சென்று அமர்ந்தது அவன்மீது இரங்கியே. அதனை அவளே ஒப்புக்கொள்கிறாள். பின்னர்த் தொடர்ந்து அமர்வதற்குக் காரணம் நட்பு. தலைமையாசிரியர் சொல்லித்தான் பழகுகிறாயா என்று பிறர் வினவும்போது அவள் மறுக்கிறாள். ஜாக் முதலிய மூவரை ஆகஸ்டுக்குத் துணையாக இருக்குமாறு தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டது உண்மை. ஆதலின் அவ்வினா பொருளற்றதன்று. முதல் நாள் உணர்வுக்கு 'இரக்கம்' பொருந்தும். அதே சொல்லைப் பிந்தைய உறவுக்கும் நூலின் மையச்சொல்லுக்கும் ஆளும் மொழிபெயர்ப்பு, சம்மர் மறுத்த ஐயத்தையே உறுதிசெய்துவிடும்.

திருக்குறளின் 58ஆம் அதிகாரத் தலைப்பான 'கண்ணோட்டம்' இங்கு நினைக்கத்தக்கது. ஆகஸ்டை வருத்துவனவற்றுள் முதன்மையானது பிறர் பார்வை. கண்டவுடன் விலகி, காணாததுபோல் நடிக்கும் பார்வை. கண்ணின் செயலாகவே அருளைக் காட்டும் இச்சொல் இதனினும் பொருத்தமாக அமைதல் அரிது. ஆனால் இக்கால வழக்கில் அது 'நோக்குநிலை' என்னும் பொருளுக்கு மாறிவிட்டது. பத்து வயதுச் சிறுவர் வாயில் அதனை வைத்தல் இயலாது. 'அன்பு' குடும்பப் பாசத்தையும் தழுவி மிக விரிந்து நிற்கிறது. எஞ்சுவது 'கனிவு'. பேச்சு, பார்வை, நடத்தை மூன்றுக்கும் அடையாக வருவது. ஏற்றத்தாழ்வை அவ்வளவாகச் சுட்டாதது. ஆசிரியர் பிரௌன் மாதந்தோறும் தரும் நன்மொழிக்கும் இது இசையும். சிறுவர் தம்முள் பேசும் இடங்களில் பெயர்ச்சொல்லைத் தவிர்த்து, 'நல்லபடியா நடந்துக்கோ' என்பது போன்ற வினைத்தொடரை ஆளுதலே இயல்பு.

முகவேறுபாட்டைக் குறிக்கும் சொல்லும் எளிதாக அமையவில்லை. 'ஊனமுற்றோர்' என்பதன் இடத்தைப் பெற்ற 'மாற்றுத்திறனாளி' திறனைப் பற்றியது. இங்கோ வேறுபாடு முதன்மையாகத் தோற்றத்தில் உள்ளது. மேலும், ஆகஸ்ட் தன் முகத்தைத் தொடக்கத்தில் வருணிக்க மறுக்கிறான். விரிவான வருணனையும் மருத்துவக் கலைச்சொல்லும் தமக்கை வியாவின் பகுதியிலேயே வருகின்றன. 'விகாரம்', 'கோரம்' போன்ற சொற்களை முதற்பக்கங்களிலேயே பெய்துவிடும் மொழிபெயர்ப்பாளர், அச்சிறுவன் காத்த மௌனத்தை அவனுக்கு முன்பே கலைத்துவிடுகிறார்.