பீரா... பரு மாத்திரையா?

செமஸ்டர் முடிஞ்ச நைட். ஹாஸ்டல் மொட்டை மாடியில நண்பன் கேட்டான்: "மச்சி, பருவுக்கு ஏதோ ஆன்டிபயாடிக் போடறேன்டா. பீர் அடிக்கலாமா... இல்ல, இன்னிக்கு மட்டும் மாத்திரையை கட் அடிச்சிடவா?"

கிளாஸ் மாதிரி இதை கட் அடிக்காதீங்க பாஸ்! பருவுக்கு டாக்டர்கள் அதிகமா எழுதித் தர்ற ஆன்டிபயாடிக், டாக்ஸிசைக்ளின். பலன் தெரியவே பல வாரம் ஆகும். விட்டு விட்டுப் போட்டா இன்னும் இழுக்கும். ஒரு கிளாஸ் பீர் அதோட மோதி ஆளைச் சாய்ச்சிடாதுதான். ஆனா, தொடர்ந்து மொடாக்குடின்னா, கல்லீரல் மருந்தை வேகமா வெளியேத்திடும். அப்புறம் பரு எப்படி அடங்கும்?

நிஜமான வில்லங்கம் பார்ட்டி முடிஞ்ச பிறகுதான். போதையில ஒரு மடக்குத் தண்ணியோட மாத்திரையை முழுங்கிட்டு அப்படியே கட்டில்ல சாய்வோம். அது உணவுக்குழாய்லயே ஒட்டிக்கிட்டுப் புண்ணாக்கிடும். மறுநாள் எச்சில் முழுங்கினாலே நெஞ்சு வலிக்கும். டம்ளர் நிறையத் தண்ணி, அப்புறம் 30 நிமிஷமாவது உட்கார்ந்திருக்கணும்.

ஐசோட்ரெட்டினோயின்னா கதையே வேற. அது பரு மாத்திரைதான், ஆனா ஆன்டிபயாடிக்கே இல்லை. கல்லீரலையும் ரத்தக் கொழுப்பையும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துத் தர்ற மாத்திரை. அதோட சரக்கு வேணவே வேணாம்.

நண்பனோட ஸ்ட்ரிப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தோம். ஐசோட்ரெட்டினோயின்! பாட்டில் கைமாறிடுச்சு.