காற்றுக்கு வழிவிடும் மாடமாளிகை

மாலைவேளையில் திருகோணமலையின் கோணேசர் மலையுச்சியில் நின்றோமாயின், கீழே நகரம் வெப்பத்தில் புழுங்கிக் கிடக்க, கடற்காற்று நம் மேலாடையைப் பற்றி இழுப்பதை உணரலாம். உயரத்திலே காற்றுக்குப் பஞ்சமில்லை, விலையுமில்லை. இவ்வெளிய உண்மையை மறந்து, வானுயரக் கட்டி, நாற்புறமும் கண்ணாடி பதித்து, உள்ளே குளிரூட்டியை இரவும் பகலும் இயக்குவதே நாகரிகமென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது.

அந்நாகரிகம் எத்துணை வலுவற்றது என்பதை 2022ஆம் ஆண்டு உணர்த்தியது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நாடு தவித்த அவ்வாண்டு மார்ச்சு இறுதியில், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. முற்றமுள்ள வீட்டினர் வேப்பமர நிழலில் பாய் விரித்தனர். பதினைந்தாம் மாடியில் வாழ்வோருக்கு முற்றம் ஏது? மின்தூக்கியும் நீர்ப்பம்பியும் மின்பிறப்பாக்கியை நம்பின. மின்பிறப்பாக்கியோ டீசலை நம்பியது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளைக் கொண்ட நாட்டிலேயே எண்ணெய்க்கு வரிசையில் நின்றோம்.

அவ்வாறாயின் மாடிவீடே வேண்டாவோ? வேண்டும், ஆனால் அது அறிவோடு கட்டப்பட வேண்டும். நம் நாட்டில் நண்பகற் கதிரவன் தலைக்கு மேலே நிற்பதால், வடக்கும் தெற்கும் நோக்கிய சுவர்களைச் சிறு தாழ்வாரமே காத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் சாய்ந்து நுழையும். அங்கே கண்ணாடி வைப்பது வீட்டினுள் அடுப்பு வைப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேற வழிவிடுதலே முதற்பாடம்.

இப்பாடம் நமக்குப் புதியதன்று. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1970களின் பிற்பகுதியிலேயே கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கென அமைத்த மாடிக் கட்டடம், காற்றோட்டத்தையும் நிழலையும் துணைக்கொண்டு எழுந்தது. அண்மைக் காலத்தில் கொழும்பை அடுத்த இராஜகிரியவில், மில்ரோய் பெரேரா வரைந்த ‘கிளியர்பொயின்ற் ரெசிடென்சீஸ்’ என்னும் ஆடம்பரக் குடியிருப்பு, 180 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மாடிதோறும் சுற்றிலும் செடிகள் அடர்ந்த தாழ்வாரம் உண்டு. இலைகள் வெயிலைத் தடுக்கின்றன. தூசியையும் இரைச்சலையும் தணிக்கின்றன. நீராவியை வெளிவிட்டுச் சூழலைக் குளிர்விக்கின்றன. இத்தாலியின் மிலான் நகரில் 2014இல் திறக்கப்பட்ட மரமாளிகைகளும் இவ்வழிப்பட்டனவே.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,000 இலீற்றர் நீரை 100 மீற்றர் உயர்த்தக் குறைந்தது கால் அலகு மின்சாரமேனும் வேண்டும். பம்பியில் வீணாவது வேறு. மேலேற்றிய நீரை ஒருமுறை குளித்துவிட்டுக் கழிப்பது, மின்சாரத்தையும் சேர்த்துக் கழிப்பதாகும். அந்நீரைத் தூய்மையாக்கிச் செடிகளுக்குச் சொட்டுச் சொட்டாக விடுவதே சிக்கனம்.

இனி நம் அயலைப் பார்ப்போம். கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அவ்வூரிலேயே 120 மெகாவாற் சூரிய மின்திட்டம் 2025 ஏப்பிரலில் தொடக்கிவைக்கப்பட்டது. கரிக்கெனக் குறித்த ஊரில் கதிரொளியை அறுவடை செய்ய முனைந்தது நற்குறியே. ஆயினும் எத்துணை மின்சாரம் விளைந்தாலும், ஓட்டைப் பானையில் நீர் நிற்குமோ? வீணாக்கும் வீடே அவ்வோட்டை.

தெற்கே இலங்கைத்துறை முதல் வடக்கே நிலாவெளி வரை நீளும் நம் கரையிலும் நாளை மாடமாளிகைகள் எழலாம். நாலு செடி வைத்துப் ‘பசுமை வீடு’ என்று பெயர்ப்பலகை தொங்கவிட்டால் ஏமாற வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் எத்தனை அலகு செலவாகும், எவ்வளவு நீர் மீளப் பயன்படும் எனக் கேட்போம். நீச்சற்குளமும் பளிங்குத் தரையும் பணத்தால் வாங்கத்தக்கவை. மின்சாரம் நின்ற இரவிலும் குழந்தை வியர்க்காது உறங்கும் வீடே மெய்யான செல்வம். வாடையும் கச்சானும் வரும் திசையறிந்து பாய்மரம் விரித்த மக்கள் நாம். அத்திசையறிந்து யன்னல் வைக்கவும் கற்றுக்கொள்வோமாக!